சிவப்பு இலை தேடிய சனிக்கிழமை: ஓர் ஒன்றுகூடலின் நிகழ்வு ஆய்வு

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அமைப்பு, செப்டம்பர் கடைசியில் ஒரு குடும்ப ஒன்றுகூடல் வைத்தது. அதற்குப் பிறகு பல பிள்ளைகளுக்கும் ஒரு மூதாட்டிக்கும் தோலில் கடும் அரிப்பும் கொப்புளமும் வந்தன. காரணம் பொய்சன் ஐவி என்னும், தொட்டால் தோலைப் பாதிக்கும் ஒரு காட்டுச் செடி. என்ன நடந்தது, யார் எதை ஏன் முடிவு செய்தார்கள் என்பதை, சம்பந்தப்பட்ட குடும்பங்களோடும் ஒழுங்கமைப்பாளர்களோடும் கதைத்துத் தொகுத்திருக்கிறேன். பெயர்களும் இடத்தின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

இந்த வகுப்பின் ஒன்றுகூடல் வழக்கமாக ஜூலையில் நடக்கும். பார்பிக்யூ, கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, சாப்பாடு என்று எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்குதான். அந்த ஆண்டு கோடையில் பாதிக் குடும்பங்கள் ஊருக்கும் ஐரோப்பாவுக்கும் போயிருந்தன. பள்ளி தொடங்கிய பிறகு வைத்தால் எல்லாரும் வருவார்கள், வெயிலும் தணிந்திருக்கும், வயதானவர்களுக்கும் வசதி என்று செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையைத் தேர்ந்தார்கள். ரொறன்ரோ நகரப் பூங்காவில் 25 பேருக்கு மேல் கூடினால் அனுமதி எடுக்க வேண்டும். கோடையில் அது கிடைப்பது பெரும்பாடு, செப்டம்பரில் சுலபம். இதுவும் ஒரு காரணம்.

பருவம் மாறியதால் நிகழ்ச்சியையும் கொஞ்சம் மாற்றலாம் என்று ஓர் ஆசிரியை சொன்னார். பிள்ளைகள் இலைகளைப் பொறுக்கிவந்து கொப்பியில் ஒட்டி, நிறத்தையும் வடிவத்தையும் தமிழில் எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு பட்டியல்: ஒரு மஞ்சள் இலை, ஒரு பழுப்பு இலை, உள்ளங்கையைவிடப் பெரிய இலை, விளிம்பு வெட்டுப்பட்ட இலை, ஒரு சிவப்பு இலை. ஆகச் சிவந்த இலை கொண்டுவருபவருக்குப் பரிசு.

நல்ல யோசனை என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். நடந்ததை அறிந்துகொண்டு பார்த்தால், அந்தக் கடைசி வரிதான் பிள்ளைகளை நேரே அந்தச் செடிக்கு அனுப்பியது.

இடத் தேர்வும் முன்னேற்பாடும்

முதலில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. அங்கே இயற்கைப் பொருள் எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று ஒருவர் நினைவூட்டினார். இலை பொறுக்குவதுதான் நிகழ்ச்சியே என்பதால் அதைக் கைவிட்டார்கள். கூரை போட்ட உணவுக்கூடம், வெட்டிய புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு சிறு பள்ளத்தாக்குக்குள் இறங்கும் நடைபாதை உள்ள நகரப் பூங்கா ஒன்று முடிவாயிற்று.

ஏற்பாட்டில் அசட்டை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மாலையில் குளிரும், மேலாடை கொண்டுவாருங்கள் என்று செய்தி போனது. இலையுதிர் காலத்திலும் உண்ணிகள் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும், லைம் நோய் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி இந்தப் பகுதிகளில் உண்டு என்பதால், நீளக் காலுறை போட்டு வரும்படியும் வீடு திரும்பியதும் பிள்ளைகளின் உடம்பைப் பார்க்கும்படியும் எழுதியிருந்தார்கள். செப்டம்பரில் மஞ்சள் குளவிகள் இனிப்பைத் தேடி அலையும் என்று தெரிந்து, சோடா ரின்களைத் திறந்து வைக்காமல் மூடிபோட்ட கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இந்த எச்சரிக்கைகளில் இல்லாதது பொய்சன் ஐவி ஒன்றுதான். ஒழுங்கமைத்த ஐவரில் நால்வர் இந்த நாட்டில் 20 ஆண்டுக்கு மேல் வாழ்பவர்கள். ஆனால் வீடு, வேலை, நெடுஞ்சாலை, கோயில், கலியாண மண்டபம் என்று ஓடும் வாழ்க்கையில் பள்ளத்தாக்குப் பக்கம் காலெடுத்து வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தச் செடியின் பெயரை எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றைய நாள்

காற்றில்லாத, வெயில் எறித்த காலை. பத்து மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இடியப்பம், சொதி, சம்பல், ரோல்ஸ், இறால் வடை, பெரிய கொதிகேத்தலில் தேத்தண்ணி. பதினொரு மணிக்கு இலைப் பைகள் கொடுக்கப்பட்டன.

இந்த இடத்தில் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்காட்டியில் இலையுதிர் காலம் செப்டம்பர் 22 அல்லது 23இல் தொடங்கினாலும், ரொறன்ரோவில் மேப்பிள் மரங்கள் முழுதாகச் சிவப்பது அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான். செப்டம்பர் கடைசியில் தலைக்கு மேலே பெரும்பாலும் பச்சைதான். சிவப்பு கீழே இருக்கும்: காட்டோரச் சுமாக் புதர்கள், வேலியில் ஏறும் வெர்ஜினியா கிரீப்பர் கொடி, அப்புறம் பொய்சன் ஐவி. இவை மரங்களை முந்திக்கொண்டு நிறம் மாறுகின்றன. பழம் தின்று விதை பரப்பும் பறவைகள் தெற்கே புறப்படும் காலத்தில் அவற்றின் கண்ணில் படத்தான் இந்த முந்திய சிவப்பு என்று கருதும் தாவரவியலாளர்கள் உண்டு. அது சரியோ பிழையோ, அன்று பிள்ளைகளின் கண்ணில் நன்றாகவே பட்டது.

புல்வெளி நடுவே நின்ற மேப்பிளின் அடியில் நாலைந்து மஞ்சள் இலைகளுக்கு மேல் கிடைக்கவில்லை. பத்து நிமிடத்தில் கூட்டம் நடைபாதையின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. அங்கே முழங்கால் உயரத்தில், வெயில் விழும் விளிம்பில், மினுக்கமான செம்மஞ்சளும் சிவப்புமாக ஒரு செடி பாய் விரித்தது மாதிரிப் படர்ந்திருந்தது. விழுந்த இலையைத்தான் எடுக்க வேண்டும், செடியில் பறிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நகரப் பூங்காவில் பறிப்பது விதிக்கும் மாறு. ஆனால் பரிசுக்குரிய இலை காம்போடு கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நிற்குமா? பறித்தார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று இலையும் சேர்ந்த ஒரு கொத்தைக் காம்போடு ஒடித்து, பூ வைப்பது போலக் காதுக்கு மேலே தலைப்பட்டியில் செருகிக்கொண்டாள். அவளுடைய தாய் அதைப் படம் எடுத்தார். செடியை அடையாளம் காட்ட, பிறகு வைத்தியரிடம் காட்டப்பட்டதும் அந்தப் படம்தான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நம் சாப்பாடு கையால் சாப்பிடுவது என்பதால் பலர் கை கழுவினார்கள். பலர் காகிதத் துவாயால் துடைத்தார்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் தீத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் கை கழுவப்படவே இல்லை.

அடையாளம் கண்டது

ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்க 40 மணிநேரச் சமூகசேவை செய்ய வேண்டும். அந்தக் கணக்குக்காக உதவிக்கு வந்திருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனை, ஆகச் சிவந்த இலையைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களில் ஒருவனாகப் போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி போல, மேசையில் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தவன் மூன்றாவது பையில் நின்றுவிட்டான். கோடையில் ஒரு முகாமில் வேலை செய்தபோது அவனுக்கு இந்தச் செடியைக் காட்டிக் கொடுத்திருந்தார்கள்.

“டீச்சர், இது பொய்சன் ஐவி எண்டு நினைக்கிறன். தொடாதேங்கோ.”

அவன் நிச்சயமாகச் சொல்லவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, நடுவிலைக்கு மட்டும் நீளக் காம்பு என்பதுதான் இந்தச் செடிக்குச் சொல்லப்படும் அடையாளம். இலையுதிர் காலத்தில் சிற்றிலைகள் தனித்தனியாகவும் விழும். பைகளில் பாதி அப்படி உதிரியாகத்தான் கிடந்தன. பக்கத்திலேயே ஐந்து சிற்றிலை கொண்ட வெர்ஜினியா கிரீப்பரின் உதிரிகளும் அதே சிவப்பில் கலந்து கிடந்தன. கொத்தோடு ஒடித்த சில இலைகளை வைத்துத்தான் அவன் சந்தேகப்பட்டான்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

ஒழுங்கமைப்பாளர் ஐவரும் உணவுக்கூடத்தின் பின்புறம் கூடிக் கதைத்தார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் தயங்கினார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குடும்பங்களை வெளியே கொண்டுவர எவ்வளவு பாடுபட்டோம், இப்போது நஞ்சுச் செடி என்று சொன்னால் அடுத்த முறை யார் வருவார்கள் என்பது ஒரு கவலை. ஒரு பையன் சொன்னதை மட்டும் நம்பி எப்படி அறிவிப்பது என்பது இன்னொன்று.

பேச்சை முடித்துவைத்தது மூத்தவர் ஒருவரின் வாதம். “காஞ்சோண்டி பட்டால் பட்ட இடத்திலேயே தெரியும். இவ்வளவு நேரமாகியும் ஒரு பிள்ளையும் சொறியவில்லையே” என்றார் அவர். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்த யாருக்கும் இது மறுக்க முடியாத நியாயம். காஞ்சோண்டியின் சுணை தோலில் குத்திய நொடியிலேயே எரியும், அதற்குச் சான்று தேவையில்லை.

பொய்சன் ஐவி வேலை செய்யும் விதம் வேறு. அதில் முள்ளும் இல்லை, சுணையும் இல்லை. இலை, தண்டு, வேர், காய் எல்லாவற்றிலும் உருஷியோல் என்னும் எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. இலை கசங்கினாலோ ஒடிந்தாலோ அது தோலில் ஒட்டும். ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. சில நிமிடங்களிலேயே தோலுக்குள் இறங்கத் தொடங்கும். அதை உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாகக் கண்டு தாக்கும்போதுதான் அரிப்பும் கொப்புளமும் வரும். முன்பே ஒருமுறை பட்டுப் பழகிய உடம்பில் இதற்கு ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். முதன்முறை படுபவருக்கு ஒரு கிழமையிலிருந்து மூன்று கிழமை வரைகூட ஆகலாம். சிலருக்கு வராமலே போகலாம். ஆகவே கழுவிப் பயன் காணக்கூடிய நேரம் முழுவதும் ஒருவருக்கும் ஒன்றும் செய்யாத நேரம்தான். மூத்தவரின் வாதம் சரியாக அந்த நேரத்தைத் தின்றது.

முடிவு ஒரு நடுவழியாக அமைந்தது. பைகளை வாங்கிக் கட்டிக் குப்பையில் போட்டார்கள். காரணம் சொல்லாமல், “கை கழுவிவிட்டு வந்தால் ஐஸ்கிறீம்” என்று பிள்ளைகளைக் கழிவறைக் குழாயடிக்கு வரிசையாக அனுப்பினார்கள். பாதியில் சவர்க்காரம் தீர்ந்துபோக, சமையல் பெட்டியோடு வந்திருந்த கோப்பை கழுவும் திரவத்தை ஒரு தாய் கொண்டுபோய் வைத்தார். எண்ணெயை வெட்டுவதில் அது கைச் சவர்க்காரத்துக்குக் குறைந்ததல்ல, நல்லதே நடந்தது. ஆனால் காரணம் தெரியாததால் பிள்ளைகள் உள்ளங்கையை மட்டும் கழுவினார்கள். முழங்கை, கழுத்து, நகக்கண் எதுவும் கழுவப்படவில்லை. சில பெற்றோர் வரிசையில் நிற்க அலுத்து ஈரக் காகிதத்தால் பிள்ளையின் கையையும் அதே காகிதத்தால் முகத்தையும் துடைத்துவிட்டார்கள். எண்ணெய் இருந்திருந்தால் அது பரவியிருக்கும்.

நாட்டிய வகுப்பு, பின்னேர வேலை என்று ஒரு மணிக்கே புறப்பட்டுவிட்ட குடும்பங்களுக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. அவர்களுடைய இலைப் பைகள் அவர்களோடு போய்விட்டன. எனக்குத் தெரிந்தவரை, அன்று எடுத்த முடிவுகளில் ஆகக் கூடிய பாதிப்பைத் தந்தது இதுதான். அறிவிப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு பக்கமும் கதைக்க இடமுண்டு. போன குடும்பங்களுக்கு “பையைத் திறக்காதேங்கோ” என்று ஒரு வரி அனுப்புவதில் இழக்க என்ன இருந்தது?

ஞாயிறும் திங்களும்

ஞாயிறு இரவு இரண்டு வீடுகளில் பிள்ளைகள் சொறியத் தொடங்கினார்கள். திங்கள் காலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதல் படம் வந்தது: முன்கையில் கோடு போட்ட மாதிரிச் சிவந்த தடிப்பு, அதன்மேல் சிறு நீர்க்கொப்புளங்கள். மதியத்துக்குள் இன்னும் சில படங்கள்.

குழு உடனே சாப்பாட்டின் மீது பாய்ந்தது. இறால் வடை என்றார் ஒருவர். இறால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது தெரிந்த கதைதானே. வடை சுட்ட அம்மா அதிகாலை எழும்பி நூற்றுக்கு மேல் சுட்டுக் கொண்டுவந்தவர். இறால் எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது, எந்த எண்ணெய் என்று கேள்விகள் அடுக்கப்பட்டன. கடைப் பற்றுச்சீட்டைப் படமெடுத்துப் போட்டுவிட்டு அவர் குழுவிலிருந்து விலகினார். கொப்புளிப்பான் என்று இன்னொருவர் எழுத, இரண்டு பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தார்கள்.

நடந்ததை அறிந்த ஐந்து பேரும் அன்று முழுவதும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “இப்ப சொன்னால், ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை எண்டு கேட்பினம். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.” இரண்டு நாள் பிந்திய உண்மையைச் சொல்வது ஒவ்வொரு மணிநேரமும் இன்னும் கடினமாகிப்போனது. இடையில் அந்த அம்மாவின் பெயர் கெட்டது.

உணவு ஒவ்வாமை இல்லை என்பதைத் தடிப்பின் வடிவமே சொல்லியிருக்கும். சாப்பாட்டு ஒவ்வாமை பொதுவாகச் சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணிநேரத்தில் காட்டும். இடம் மாறி மாறி உடம்பெங்கும் தடிக்கும். கொப்புளிப்பானில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும், கொப்புளம் மார்பிலும் முதுகிலும் சிதறும். பொய்சன் ஐவி செடி உரசிய வழியே கோடாகப் போகும், மூடாத கையிலும் காலிலும் முகத்திலும் நிற்கும். நீளக் காலுறை போட்டிருந்த பிள்ளைகள் ஒருவரின் காலிலும் தடிப்பு இல்லை. உண்ணிக்காகச் சொன்ன புத்தி இதற்கும் உதவியிருக்கிறது.

தலையில் இலை செருகிய சிறுமிக்குத் திங்கள் காலை வலது காதும் கன்னமும் வீங்கியிருந்தன. மாலையில் அந்தப் பக்கக் கண் திறக்க முடியாமல் மூடிக்கொண்டது. ஒன்ராறியோவின் சுகாதார ஆலோசனைத் தொலைபேசி எண்ணான 811க்கு அழைத்தபோது, முகமும் கண்ணும் என்பதால் உடனே வைத்தியரிடம் காட்டும்படி தாதி சொன்னார். வைத்தியர் தடிப்பைப் பார்த்தார், ஒன்றுகூடல் என்றதும் படம் இருக்கிறதா என்று கேட்டார், தாயின் தொலைபேசியில் காதோரச் சிவப்புக் கொத்தைப் பார்த்ததும் மேலும் கேள்வி கேட்கவில்லை.

அந்தப் படமும் வைத்தியர் சொன்னதும் திங்கள் இரவு குழுவில் போடப்பட்டன. அதன் பிறகுதான் ஒழுங்கமைப்பாளர்கள் சனிக்கிழமை நடந்ததை எழுதினார்கள்.

சிகிச்சை

பெரும்பாலானவர்களுக்குக் குளிர்ந்த ஈரத்துணி, கலமைன், ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பு போதுமாயிருந்தது. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் தொடுகை தோலழற்சி போன்ற சில சிறு நோய்களுக்குப் பார்மசியிலேயே மருந்து எழுதித் தரலாம். வைத்தியரின் நேரம் கிடைக்காத பல குடும்பங்கள் இந்த வழியில் போயின. இப்படி ஒரு வசதி இருப்பதே சிலருக்கு அன்றுதான் தெரியும். கண் வீங்கிய சிறுமிக்கு பிரெட்னிசோன் மருந்து இரண்டு கிழமைக்கு மேல், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கப்பட்டது. நாலைந்து நாளில் சுகமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் தடிப்பு திரும்பி வரும் என்று எச்சரித்திருந்தார்கள். கண் மூன்றாம் நாளே திறந்தது. தழும்பு எதுவும் இல்லை.

அம்மம்மாவும் வேலியும்

ஒன்றுகூடலுக்கே வராத ஒருவர் பாதிக்கப்பட்டது பலரைக் குழப்பியது. அந்தச் சிறுமியின் அம்மம்மாதான் அவர். இந்தக் குடும்பமும் ஒரு மணிக்கே புறப்பட்டவர்களில் ஒன்று. பேத்தி கொண்டுவந்த பையைச் சனிக்கிழமை மாலை மேசையில் கொட்டி, நல்ல இலைகளைத் தெரிந்தெடுத்து, மெழுகுக் காகிதத்துக்கு நடுவே வைத்து அயன்பெட்டியால் அழுத்திக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவருடைய விரலிடுக்கிலும் முன்கையிலும் கொப்புளங்கள். பிள்ளையிலிருந்து தொற்றிவிட்டது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

இது தொற்றுவதில்லை. கொப்புளத்து நீரில் உருஷியோல் கிடையாது. ஓரிடத்தில் முதலும் இன்னோரிடத்தில் பிறகும் வருவது பரவுவது போலத் தோன்றும். உண்மையில் எண்ணெய் கூடப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முந்திக்கொள்கின்றன, அவ்வளவுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையும் இருக்கவில்லை. அம்மம்மாவுக்கு வந்தது இலையிலிருந்து நேரே வந்தது. காய்ந்த இலையிலும் அந்த எண்ணெய் இருக்கும். உடுப்பிலும் சப்பாத்திலும் கருவிகளிலும் கழுவாமல் விட்டால் நெடுங்காலம் கிடக்கும்.

இரண்டு பேருக்கும் இவ்வளவு கெதியாக வந்தது ஏன்? முன்பு எங்கேயாவது இந்தச் செடி பட்டிருக்க வேண்டும் என்றார் வைத்தியர். யோசித்துப் பார்த்ததில், ஜூன் மாதம் தக்காளிக் கன்று நடும்போது அம்மம்மாவின் கையில் வந்த அரிப்பு நினைவுக்கு வந்தது. நுளம்பு கடித்தது என்று விட்டிருந்தார்கள். வீட்டின் பின்வளவு ஒரு பள்ளத்தாக்கோடு முட்டுகிறது. போய்ப் பார்த்தால், வேலியின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே தலை நீட்டிக்கொண்டு நின்றது அதே மூன்றிலைச் சிவப்பு. பேத்தி பந்து எடுக்கப் போகும் மூலை அது. ஆள் வைத்து, நீளக் கையுறையோடு வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றினார்கள். எரிக்க வேண்டாம் என்று கட்டாயமாகச் சொல்லப்பட்டது. அந்தப் புகை நுரையீரலுக்குள் போனால் தோலில் வருவதைவிட மோசம்.

இரண்டாம் கிழமையில், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில், இன்னும் சில பிள்ளைகளுக்கு லேசாக வந்தது. முதன்முறை பட்டவர்களின் கணக்கு இது. முதலிலேயே குழுவில் விளக்கியிருந்ததால் இந்த முறை யாரும் பதறவில்லை, வடையையும் இழுக்கவில்லை.

தாத்தா ஒருவரின் விளக்கம்

வகுப்பு மறுபடி கூடியபோது பெற்றோருக்கு ஒரு சிறு கூட்டம் வைத்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்துத் தாத்தா ஒருவர் எழுந்து, காஞ்சோண்டியோடு ஏன் ஒப்பிட்டீர்கள், கஜுக் கொட்டையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்றார். சின்ன வயதில் கொட்டை சுட்டு உடைத்த கையில் அடுத்த நாள் தோல் பொங்கி உரிந்ததைச் சொன்னார். அவர் தாவரவியல் படித்தவரல்ல, ஆனால் சொன்னது அச்சொட்டு. கஜுவும் மாமரமும் பொய்சன் ஐவியும் ஒரே குடும்பத்துச் செடிகள். கஜுக் கொட்டை ஓட்டின் எண்ணெயும் மாங்காய்ப் பாலும் சிலருக்குத் தோலில் செய்வதும் இதே வகை வேலைதான். மாங்காய் கடித்து வாயோரம் புண்ணான அனுபவம் கூட்டத்தில் பலருக்கு இருந்தது. பத்து நிமிட விளக்கத்தில் ஏறாதது அந்த ஒரு வாக்கியத்தில் ஏறியது.

வடை சுட்ட அம்மாவிடம் ஒழுங்கமைப்பாளர்கள் அந்தக் கூட்டத்திலேயே எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டார்கள். அவரைக் குற்றம் சொல்லி எழுதியவர்களில் ஒருவர்தான் அப்படிச் செய்தார். மற்றவர்கள் செய்யவில்லை. அந்த அம்மா இன்றுவரை அந்தக் குழுவில் திரும்பச் சேரவில்லை.

மறு ஆண்டு மாறியவை

ஒன்றுகூடல் நிறுத்தப்படவில்லை. நாள் மட்டும் தாங்ஸ்கிவிங் என்னும் கனடிய விடுமுறை நாளை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அக்டோபர் இரண்டாம் திங்கள் தாங்ஸ்கிவிங் என்பதால், அதற்குள் புல்வெளி மேப்பிள்களே சிவந்து கொட்டத் தொடங்கியிருக்கும். பிள்ளைகள் ஓரத்துக்குப் போகத் தேவை வராது. குளிர் கூடும், வயதானவர்கள் சிலர் வரமாட்டார்கள் என்ற குறை உண்டு. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

இலை பொறுக்கும் இடம் வெட்டிய புல்லுக்குள் மட்டும் என்று கயிறு கட்டினார்கள். முந்திய நாள் இருவர் போய் நடைபாதையோரத்தைப் பார்த்து, செடி நின்ற இடங்களைப் படமெடுத்து வந்தார்கள். “ஆகச் சிவந்த இலை” பரிசு எடுக்கப்பட்டு, “பெயர் தெரிந்த இலைகள்” என்று மாறியது. முதலுதவிப் பெட்டியோடு கோப்பை கழுவும் திரவமும் ஒரு பீப்பாய்த் தண்ணீரும் வைத்தார்கள். யாருக்காவது பட்டால் முழங்கை வரை, நகக்கண்ணோடு, குளிர்ந்த நீரில் கழுவுவது, உடுப்பைத் தனியாகத் தோய்ப்பது என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. சந்தேகம் வந்தால் உறுதியாகும் வரை காத்திராமல், போனவர்கள் உட்பட எல்லாக் குடும்பத்துக்கும் செய்தி அனுப்புவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். யாரையும் கேட்காமல் அவர் அனுப்பலாம்.

ஒரு விடயத்தில் இன்னும் உடன்பாடு இல்லை. நடைபாதைப் பக்கமே போகக் கூடாது என்று சில பெற்றோர் நிற்கிறார்கள். பள்ளத்தாக்கு ஓரங்களில் வீடெடுத்துக் குடியிருந்துகொண்டு பிள்ளைக்கு அந்தச் செடியைக் காட்டாமல் வளர்ப்பது எப்படி என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம். மறு ஆண்டு, விருப்பமான குடும்பங்களை மட்டும் அந்தப் பையன் நடைபாதை வழியே கூட்டிப்போய், மூன்று சிற்றிலையையும் நடுவிலையின் நீளக் காம்பையும் தள்ளி நின்று தடியால் காட்டினான். வந்திருந்த குடும்பங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை அவனோடு போயின. அவனுடைய 40 மணிநேரம் எப்போதோ முடிந்திருந்தது.